வாசனை இல்லாத விருந்து

எனக்கு ஒரு நண்பர் உண்டு. சாப்பாட்டு விஷயத்தில் பெரிய ரசிகர். எந்த ஊரில் எந்தக் கடையில் எந்த வேளைக்கு எது நன்றாக இருக்கும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லுவார். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், நான் டெலிவிஷனில் ஒரு படம் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் வயதான சீனர் ஒருவர் தொட்டியிலிருந்து உயிரோடு மீனைப் பிடித்து, சுத்தம் செய்து, கீறி, மாவில் புரட்டி, கொதிக்கிற எண்ணெயைக் கரண்டியால் மொண்டு மொண்டு அதன்மேல் விட்டுக்கொண்டிருந்தார். என் நண்பர் பரம சைவர். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார்.

"இதை எதற்கு ஐயா பார்க்கிறீர்? வாசனையும் வராது, இலையிலும் விழாது" என்றார்.

சொன்னாரே ஒழிய எழுந்திருக்கவில்லை. படம் முடிகிற வரையில் இருந்தார். கொடுத்த காப்பி ஆறிப்போயிற்று. காப்பியை ஆறவிடுகிற ஆசாமி அல்ல அவர். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த மனுஷன் கத்தி பிடிக்கிற அழகு இருக்கிறதே!" என்று தலையை ஆட்டினார்.

அவர் கேட்ட கேள்வியும், எழுந்து போகாமல் அவரே அதற்குச் சொன்ன பதிலும் எனக்கு நெடுநாள் மனத்தில் கிடந்தன. சமையலையும் சாப்பாட்டையும் பற்றிய படங்களுக்கு உலகம் முழுவதும் ஒரு தனி வசீகரம் இருக்கிறது. நானும் அந்த வசீகரத்தில் சில வருஷங்களாக அகப்பட்டுக்கொண்டவன்தான். நாக்கு ருசிதான் காரணம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அது சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நாக்குக்கு அங்கே வேலையே இல்லை.

சினிமா பிறந்த நாளிலேயே இந்தச் சங்கடமும் பிறந்துவிட்டது. 1895 டிசம்பர் 28-ம் தேதி பாரிஸில் ஒரு காப்பி ஓட்டலின் நிலவறையில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். காட்டிய பத்துத் துண்டுப் படங்களில் ஒன்று, சகோதரர்களில் ஒருவரும் அவர் மனைவியும் தங்கள் குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டுவது. ஆக, ஒருவர் சாப்பிடுவதை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருப்பது அன்றைக்கே தொடங்கியாயிற்று. வாசனை இல்லாத குறையைத் தீர்க்கவும் பின்னால் சிலர் முயன்றார்கள். 1959 கடைசியில் நியூயார்க்கில் சீன தேசத்தைப் பற்றிய ஒரு படத்தோடு, கொட்டகையின் குளிர்காற்று யந்திரத்தின் வழியாக வாசனைகளை அனுப்பினார்கள். அடுத்த மாதமே சிக்காகோவில் வேறொருவர், நாற்காலிக்கு நாற்காலி குழாய் வைத்து வாசனை விடுகிற ஒரு படத்தை வெளியிட்டார். ஒரு வாசனை போவதற்குள் இன்னொன்று வந்து கலந்துகொள்கிறது என்று புகார் எழுந்தது. இரண்டு ஏற்பாடும் நிலைக்கவில்லை. ஜனங்களுக்குத் திரையிலிருந்து வாசனை வேண்டியிருக்கவில்லை என்பதுதான் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது.

நம் பக்கத்தில் சாப்பாட்டுக் காட்சி என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது 'மாயாபஜார்'. 1957-ல் தமிழிலும் தெலுங்கிலும் வந்தது, கே.வி. ரெட்டி டைரக்ட் செய்த படம். கடோத்கஜனாக எஸ்.வி. ரங்காராவ் உட்கார்ந்து கல்யாணச் சாப்பாட்டைத் தீர்த்துக்கட்டுகிற காட்சியை, மார்க்கஸ் பார்ட்லியின் காமிரா தந்திரத்தோடு, இன்றைய குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினாலும் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். லட்டுகள் தாமாகப் பறந்து வாய்க்குள் போகின்றன. நானும் பத்துத் தடவைக்குக் குறையாமல் பார்த்திருப்பேன். ஆனால் இது சாப்பிடுகிற படம், சமைக்கிற படம் அல்ல. அவ்வளவு பாத்திரத்தையும் இறக்கி வைத்தவர்கள் யார், காய் நறுக்கியவர்கள் யார் என்ற கேள்விக்கு அந்த மாய உலகத்தில் இடமில்லை. இந்தக் காட்சியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; பின்னால் என் சொந்தக் காரியத்துக்காக இதற்குத் திரும்பி வரவேண்டியிருக்கும்.

நண்பர் என்னோடு பார்த்த படம் 'ஈட் டிரிங்க் மேன் வுமன்'. 1994-ல் ஆங் லீ எடுத்த தைவான் படம். சூ என்கிற பெரிய சமையல்காரர், மனைவியை இழந்தவர், தைபேயின் பெரிய ஓட்டலில் அவருக்கு ராஜ மரியாதை. வீட்டில் மூன்று பெண்கள், மூவருக்கும் கல்யாண வயது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர்களுக்கென்று பகல் முழுவதும் சமைக்கிறார். படத்தின் முதல் சில நிமிஷங்களில் பேச்சு என்று ஏறக்குறைய ஒன்றுமில்லை. இரண்டு கைகள், ஒரு கத்தி, நெருப்பு, ஆவி, அவ்வளவுதான்.

திருவிழாக் கடையில் ஜிலேபி பிழிகிறவன் முன்னால் எப்போதும் ஒரு சின்னக் கூட்டம் நிற்கும். கவனித்தால் தெரியும், அதில் பாதிப் பேர் வாங்க வந்தவர்கள் அல்ல. கையில் காசு இல்லாத பையன்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள். துணியின் ஓட்டை வழியாக மாவு சுற்றிச் சுற்றி விழுவதையும், வெளுப்பாக விழுந்தது சிவப்பாகப் புரளுவதையும் பார்க்க நிற்கிறார்கள். ஒரு பொருள் கண்ணுக்கு முன்னாலேயே இன்னொரு பொருளாக மாறுகிறது. அதை மாற்றுகிற கைக்குச் சந்தேகம் என்பதே இல்லை. நாம் செய்கிற வேலைகளில் எத்தனையை இப்படி ஆரம்பம் முதல் முடிவு வரையில் பார்க்க முடியும்? குமாஸ்தாவின் வேலையில் காகிதம் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போகிறது. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவருக்கு அதுவும் இல்லை. எழுத்தாளனைப் படமெடுத்தால் அவன் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பதைத்தான் எடுக்கவேண்டும். சமையல் ஒன்றுதான் பத்து நிமிஷத்தில் பிறந்து வளர்ந்து முடிந்து தட்டில் வந்து உட்காருகிறது. சூவின் மீன் எனக்கோ என் நண்பருக்கோ வேண்டாம். அந்தக் கைதான் வேண்டியிருந்தது. தேர்ந்த கை வேலை செய்வதைப் பார்ப்பதில் இருக்கிற நிம்மதி, இந்தப் படங்களின் முதல் வசீகரம்.

முதல் வசீகரம் என்றுதான் சொல்கிறேன். கையோடு நின்றுவிட்டால் அது சமையல் பாடம். டெலிவிஷனில் தினமும் மத்தியானம் நடக்கிறது. ஆங் லீ அதற்கு மேல் ஒரு காரியம் செய்கிறார். அவ்வளவு பெரிய சமையல்காரருக்கு நாக்கில் ருசி போய்விட்டது! தான் சமைத்ததைத் தானே ருசி பார்த்துச் சொல்ல முடியாது. பழைய சிநேகிதரான வென் என்பவர் ஒரு கரண்டி வாயில் விட்டுக்கொண்டு முகத்தால் தீர்ப்புச் சொல்லவேண்டும். சூ அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பெண்களோ ஞாயிற்றுக்கிழமை விருந்தை ஒரு தண்டனை மாதிரி சாப்பிடுகிறார்கள். ஒருத்தி பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக்கொடுக்கிறாள். ஒருத்தி விமானக் கம்பெனியில் பெரிய உத்தியோகஸ்தி. கடைசிப் பெண், இவ்வளவு பெரிய கைகாரரின் மகள், ஹாம்பர்கர் கடையில் வேலை பார்க்கிறாள். சொல்லவேண்டியதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத அப்பா, அதைத் தட்டு தட்டாகக் கொண்டுவந்து வைக்கிறார். அவர்கள் அதைச் சாப்பாடு என்று மட்டும் நினைத்துக்கொண்டு ஓரத்தில் ஒதுக்குகிறார்கள்.

படத்தில் குறைகள் இல்லாமலில்லை. மூன்று பெண்களின் கதையையும் வரிசையாக முடிச்சுப் போட்டு அவிழ்ப்பதில் கொஞ்சம் நாடகக் கம்பெனி வாடை அடிக்கிறது. முறைவைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் சாப்பாட்டு மேஜையில் அதிர்ச்சிச் செய்தி அறிவிக்கிறார்கள். கடைசிக் காட்சிக்காக எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். சமையலில் உண்மையான கை இரண்டாவது பெண்ணுக்குத்தான் இருந்தது. படித்து முன்னுக்கு வரட்டும் என்று அப்பா அவளை அடுப்பங்கரையிலிருந்து விரட்டியிருந்தார். கடைசியில் காலியாகிவிட்ட வீட்டில் அவள் சமைக்கிறாள், அப்பா சாப்பிட வருகிறார். சூப்பில் இஞ்சி அதிகம் என்று குற்றம் சொல்கிறார். அவள் சண்டைக்கு வருகிறாள். சண்டைக்கு நடுவில்தான் இருவருக்கும் உறைக்கிறது, அவருக்கு ருசி தெரிந்துவிட்டது என்று. குற்றம் சொன்னது இவ்வளவு சந்தோஷமான செய்தியாக வருகிற காட்சியை நான் வேறு எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

திரையில் ருசி என்பது முகத்தில் இருக்கிறது. பதார்த்தத்தை எவ்வளவு கிட்டத்தில் காட்டினாலும் அது வெறும் வர்ணம்தான். சாப்பிடுகிறவர் முகத்துக்குக் காமிரா திரும்பும்போதுதான் நமக்கு ஏதோ நாக்கில் படுகிறது. இதை முழுவதும் அறிந்துகொண்டு எடுத்த படம் 'பாபெத்தின் விருந்து'. 1987-ல் வந்த டென்மார்க் படம். கேப்ரியல் ஆக்ஸெல் எடுத்தது. வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கார் பரிசைப் பெற்றது. கதை, கரென் ப்ளிக்ஸன் என்ற டேனிஷ் மாது ஐசக் டினேசன் என்ற புனைபெயரில் எழுதியது. 1950-ல் ஓர் அமெரிக்கப் பெண்கள் பத்திரிகையில் முதலில் வெளியாயிற்று. பெண்கள் பத்திரிகைக் கதை என்று உதட்டைச் சுழிக்கிற விமர்சகர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் காதில் இதைப் போட்டுவைக்க விரும்புகிறேன். இந்த அம்மாள் கடைசி வருஷங்களில் வயிற்று உபாதையால் சரியாகச் சாப்பிட முடியாமல், எலும்பும் தோலுமாகி 1962-ல் காலமானார். உலகத்தின் பிரசித்தமான விருந்துக் கதைகளில் ஒன்றை எழுதியவர் அவர்.

கடலோரத்தில் ஒரு சின்னக் கிராமம். கதையில் அது நார்வேயில் இருக்கிறது; படத்தில் டென்மார்க்கின் மேற்குக் கடற்கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். காலஞ்சென்ற ஒரு பாதிரியாரின் இரண்டு பெண்கள், கல்யாணம் செய்துகொள்ளாமல் கிழவிகளானவர்கள், தகப்பனாரின் சின்னப் பக்தர் கூட்டத்தைக் கட்டிக் காப்பாற்றி வருகிறார்கள். ருசித்துச் சாப்பிடுவதே பாவத்தில் சேர்த்தி. 1871-ல் பாரிஸில் நடந்த கலகத்தில் புருஷனையும் பிள்ளையையும் பறிகொடுத்துவிட்டு ஓடிவந்த பாபெத் என்பவள் அங்கே சம்பளம் இல்லாமல் சமையல்காரியாகச் சேருகிறாள். ரொட்டியை ஊறவைத்துக் காய்ச்சுகிற கஞ்சியும் காய்ந்த மீனும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப்படுகின்றன! 14 வருஷம் அதையே சமைக்கிறாள். பிறகு லாட்டரியில் 10,000 பிராங்க் விழுகிறது. பாதிரியாரின் நூறாவது பிறந்தநாளுக்கு ஒரே ஒரு தடவை பிரெஞ்சு விருந்து சமைக்க அனுமதி கேட்கிறாள்.

உயிருள்ள ஆமை வந்து இறங்குகிறது. கூண்டில் காடைகள் வருகின்றன. பெட்டி பெட்டியாக ஒயின் வருகிறது. கிழவிகள் நடுங்கிப்போகிறார்கள். என்ன வந்தாலும் சாப்பிட்டு வைப்போம், ஆனால் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டோம் என்று பக்தர்கள் எல்லோரும் சபதம் செய்துகொள்கிறார்கள். இந்தச் சபதத்தில்தான் படத்தின் சூட்சுமம் இருக்கிறது. வாயால் பேசக்கூடாது என்று வைத்துவிட்டதால் முகம்தான் பேசியாகவேண்டும். கடல் காற்றில் காய்ந்து சுருங்கிய பன்னிரண்டு முகங்கள். ஒரு கிழவி தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு, மறுபடியும் ஒயினுக்கே போகிறாளே, அந்த ஒரு கணத்தில் எனக்குத் தொண்டையில் ஏதோ இறங்கிற்று. நானோ இரண்டையும் குடித்துக்கொண்டிருக்கவில்லை. தற்செயலாக விருந்துக்கு வந்த ஒரு தளபதி மட்டும் சபதம் அறியாதவர். பாரிஸில் சாப்பிட்டுப் பழகியவர். ஒவ்வொரு தட்டுக்கும் அவர் வியந்து வியந்து ஏதோ சொல்ல, பக்கத்திலிருப்பவர் சம்பந்தமே இல்லாமல் வேறு பேச்சுப் பேசுகிறார். இந்தத் தளபதி நமக்காக அங்கே உட்கார்த்தி வைக்கப்பட்டவர். எது என்ன பதார்த்தம், எவ்வளவு உயர்ந்தது என்று தெரியாத நமக்கு அவர் மொழிபெயர்ப்பாளர். கடைசியில் அவர் பண்ணுகிற பிரசங்கம் எனக்குக் கொஞ்சம் நீளமாகப் பட்டது. முகங்கள் சொல்லி முடித்ததை அவர் மறுபடியும் வார்த்தையில் சொல்கிறார். விருந்து முடிந்து, பல காலம் பேசாமலிருந்தவர்களும் ஒருவரையொருவர் ஏமாற்றியவர்களும் கைகோத்துக்கொண்டு நட்சத்திரங்களுக்குக் கீழே கிணற்றைச் சுற்றி நிற்கிறார்கள். அதற்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

இவ்வளவுக்கும் பாபெத் வெளியே வரவே இல்லை. அடுப்பங்கரையில் இருக்கிறாள். எல்லாம் முடிந்த பிறகு, எச்சில் பாத்திரக் குவியலுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். கிழவிகள் வந்து கேட்கும்போது, 10,000 பிராங்கும் செலவாகிவிட்டது என்கிறாள். எங்களுக்காகவா இவ்வளவையும் செலவழித்தாய் என்று அவர்கள் உருகுகிறார்கள். உங்களுக்காக மட்டும் அல்ல என்கிற அர்த்தத்தில் அவள் பதில் சொல்கிறாள். அவள் கலைஞி. தன்னால் முடிந்த உச்சத்தை ஒரு தடவையாவது செய்துபார்க்கவேண்டியிருந்தது அவளுக்கு.

இந்த இடத்தில் எழுத்தாளர்கள் எல்லோருக்கும் கண்ணில் நீர் வந்துவிடும். எனக்கும் வந்தது. நம்மைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் மூன்றாவது தடவை பார்த்தபோது எனக்கு ஒரு சந்தேகம் தட்டிற்று. அந்த ஓர் இரவு சரி. 14 வருஷத்துக் கஞ்சி? அதுவும் அவள் சமைத்ததுதானே? ஏறக்குறைய ஐயாயிரம் நாள். அதைக் கலை என்று யாரும் சொல்வதில்லை. ஓர் இரவு விருந்துக்காக அவளைக் கொண்டாடுகிற நம் ரசனையில் கொஞ்சம் விருந்தாளிப் புத்தி கலந்திருக்கிறது என்று பட்டது.

ரித்தேஷ் பத்ராவின் 'தி லஞ்ச்பாக்ஸ்' (2013) இந்த அன்றாடச் சமையலைத்தான் எடுத்துக்கொள்கிறது. பம்பாயில் புருஷனுக்கு அனுப்பிய சாப்பாட்டு அடுக்கு வேறொருவருக்குப் போய்விடுகிறது. சாயங்காலம் அது காலியாகத் திரும்பி வருகிறபோது அந்தப் பெண் பாத்திரத்துக்குள் எட்டிப்பார்க்கிற பார்வை ஒன்று போதும். சாப்பிட்டவர் முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்காதவளுக்குக் காலிப் பாத்திரம்தான் முகம். நல்ல படம், இர்ஃபான் கான் இல்லாவிட்டால் இவ்வளவு நல்ல படமாக இருந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

இதே அன்றாடத்தை ஜப்பானியர் ஒருவர் இதற்கு முன்பே பிடித்துக் காட்டியிருந்தார். ஜூஸோ இடாமியின் 'டாம்போபோ', 1985-ல் வந்தது. நூடுல்ஸ் கடை நடத்துகிற ஒரு விதவைக்கு லாரி டிரைவர் ஒருவர் உதவி செய்து கடையை உயர்த்துகிற கதை. நடுநடுவே சம்பந்தமில்லாத துண்டுக் கதைகள். மொத்தத்தில் ஹாஸ்யப் படம். அதில் ஒரு துண்டு மட்டும் ஹாஸ்யமா வேறெதுவா என்று இன்றுவரையில் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. ஒருவன் ரயிலுக்குப் போட்டியாக வீட்டுக்கு ஓடி வருகிறான். மனைவி மரணப் படுக்கையில் கிடக்கிறாள். டாக்டர் இருக்கிறார், குழந்தைகள் சுற்றி உட்கார்ந்திருக்கின்றன. அவளை எப்படியாவது பிடித்து நிறுத்தவேண்டும் என்ற வெறியில் அவன், எழுந்திரு, சமையல் பண்ணு என்று கத்துகிறான். அவள் எழுந்திருக்கிறாள்! தள்ளாடிப் போய், நறுக்கி, சாதத்தைப் புரட்டி எடுத்து, வாணலியோடு கொண்டுவந்து வைக்கிறாள். எல்லோரும் சாப்பிடுகிறார்கள். அந்த முகங்களைப் பார்த்து லேசாகச் சிரிக்கிறாள். அப்படியே சரிந்து உயிரை விடுகிறாள். அவன் அழுதுகொண்டே, அம்மா கடைசியாகப் பண்ணியது, சூடு ஆறுவதற்குள் சாப்பிடுங்கள் என்று குழந்தைகளை அதட்டுகிறான். எல்லோரும் அழுதுகொண்டே வாரி வாரிப் போட்டுக்கொள்கிறார்கள்.

முதல் தடவை பார்த்தபோது சிரித்தேன். பக்கத்திலிருந்த என் மனைவி சிரிக்கவில்லை. "இதிலே சிரிக்க என்ன இருக்கு?" என்றாள்.

அந்தக் கேள்வியின் முழு அர்த்தம் எனக்குத் தெரிய இன்னொரு படம் வேண்டியிருந்தது. 2021 ஜனவரியில் வெளியான மலையாளப் படம், ஜியோ பேபியின் 'தி கிரேட் இண்டியன் கிச்சன்'. பின்னால் தமிழிலும் எடுத்தார்கள். மூலத்தைப் பார்த்தவர்களுக்கு அது அவசியமில்லை. இதன் தொடக்கத்தில் இருக்கிற சாமர்த்தியத்தை யாரும் போதிய அளவு சொல்லவில்லை என்பது என் அபிப்பிராயம். சமையல் படங்களின் சகல வசீகரங்களையும் டைரக்டர் முதலில் அள்ளி வைக்கிறார். எண்ணெயில் பொரிகிறது, தேங்காய் துருவுகிறார்கள், கடுகு வெடிக்கிறது, அம்மியில் சட்னி அரைபடுகிறது. சூவின் கைகளைப் பார்த்த அதே சந்தோஷத்தோடு நாம் பார்க்கத் தொடங்குகிறோம். மறுநாள் காலையும் அதே. அதற்கு மறுநாளும் அதே. பின்னணி வாத்தியம் ஏறக்குறைய இல்லை; பாத்திரச் சத்தம்தான். மாமனாருக்குச் சாதம் குக்கரில் வைக்கக்கூடாது, விறகடுப்பில்தான் வேண்டும். சட்னி அம்மியில்தான் வேண்டும். அவர் கோபக்காரர் அல்ல. மெதுவாகத்தான் சொல்கிறார். அதுதான் பயங்கரம். ஆண்கள் சாப்பிட்டு எழுந்த மேஜையில் மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை தட்டுக்கு வெளியே கிடக்கிறது. அதை அந்தப் பெண் கையால் வழித்து எடுக்கிறாள். பாத்திரம் கழுவுகிற தொட்டியின் குழாய் ஒழுகுகிறது. ஆள் கூப்பிடச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போகிறாள். புருஷன் பள்ளிக்கூட வாத்தியார். வகுப்பில் குடும்பம் என்ற அமைப்பைப் பற்றிப் பாடம் நடத்துகிறான்.

மற்ற படங்கள் எங்கே வெட்டுகின்றனவோ அங்கே இது வெட்டாமல் நிற்கிறது. தட்டு மேஜைக்கு வந்ததும் அங்கெல்லாம் கதை முகங்களுக்குப் போய்விடும். இங்கே காமிரா மறுபடியும் உள்ளே போய்ச் சாக்கடையைப் பார்க்கிறது. சமையல் படங்களைப் பற்றி எழுதப்பட்ட எந்த விமர்சனத்தையும்விடக் கடுமையான விமர்சனம் இந்தப் படம்தான். கலை என்ற முறையில் இதில் குறைகள் உண்டு. ஆண்கள் இருவரும் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள். அந்த மாதிரி மனிதர்கள் உண்மையில் இன்னும் கொஞ்சம் பிரியமானவர்களாகவும் இருப்பார்கள், அதனால் இன்னும் ஆபத்தானவர்கள். கடைசி நடனக் காட்சி ஒட்டவில்லை. நிமிஷா சஜயனின் முகம் மட்டும் ஓர் இடத்தில்கூடப் பொய் சொல்லவில்லை.

படம் பார்த்த அன்று எங்கள் வீட்டில் குழாய் ஒழுகவில்லை. மிக்ஸி மூடிதான் உடைந்திருந்தது. உடைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

இதற்குச் சில நாள் கழித்து, தற்செயலாக, ஒரு வாசகியின் கடிதம் வந்தது. என்னுடைய ஒரு நாவலைப் பற்றி. அன்போடுதான் எழுதியிருந்தார். 312 பக்க நாவலில் 41 இடத்தில் காப்பி வருகிறது, எண்ணிப் பார்த்தேன், அதைப் போட்டவர் யார் என்று ஓர் இடத்திலும் இல்லையே என்று கேட்டிருந்தார். நான் நம்பவில்லை. புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். 'உள்ளேயிருந்து காப்பி வந்தது' என்று எழுதியிருக்கிறேன். ஒரு தடவை அல்ல, பல தடவை. 'இலை போட்டாயிற்று' என்று எழுதியிருக்கிறேன். காப்பி தானாக நடந்து வருகிறது. இலை தானாக விழுகிறது. கடோத்கஜனின் லட்டு மாதிரி என் கதாநாயகர்களின் வாயிலும் எல்லாம் பறந்து வந்து விழுந்துகொண்டிருக்கிறது. மார்க்கஸ் பார்ட்லி அதைத் தந்திரம் என்று தெரிந்து செய்தார். நான் யதார்த்த நாவல் என்று பெயர் வைத்துக்கொண்டு செய்திருக்கிறேன்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு அத்தையின் ஞாபகமாக இருந்தது. அப்பாவின் தமக்கை. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டவர். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆசாரமான வீடு. சுவாமிக்கு நைவேத்தியம் ஆகாமல் சமைத்ததை யாரும் வாயில் வைக்கக்கூடாது, சமைக்கிறவரும்தான். முப்பது வருஷம் அத்தை உப்புப் பார்க்காமல் சமைத்தார். கல்லுப்பைக் கையில் எடுத்து ஒரு தடவை பார்ப்பார், ஈயச் செம்பில் போடுவார், அவ்வளவுதான். ரசம் பொங்கி நுரை கூடும்போது குனிந்து வாசனையை மட்டும் பிடிப்பார். சூவைப் பற்றிப் பெரிய அதிசயம் மாதிரி எழுதினேனே, ருசி பார்க்க முடியாமல் சமைத்த அவரைப் போன்ற ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். எனக்கு அது தோன்ற தைவான் வரையில் போகவேண்டியிருந்தது.

அப்பா சாப்பிட உட்காருகிறபோது அத்தை கதவுக்குப் பின்னால் நிற்பார். முதல் கவளம் உள்ளே போகும்போது அப்பாவின் முகத்தைப் பார்ப்பார். அப்பா நல்ல மனுஷர்தான். ஆனால் சாப்பிடும்போது இலையைத் தவிர வேறெங்கும் பார்க்கமாட்டார். "உப்பு?" என்பார் அத்தை. அப்பா சரியாக இருக்கிறது என்பதற்குத் தலையை ஆட்டுவார், அல்லது ஆட்டமாட்டார். நான் எதிரே பலகையில் உட்கார்ந்து இதைத் தினமும் பார்த்திருக்கிறேன். அப்பாவின் முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கதவுக்குப் பின்னாலிருந்த முகத்தை எவ்வளவு முயன்றும் கண்ணுக்குள் கொண்டுவர முடியவில்லை.

போன மாதம் அம்மாவோடு டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தபோது, அத்தைக்குச் சாப்பாட்டில் என்ன பிடிக்கும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அவரா? அவர் எங்கேடா எங்களோட உட்கார்ந்தார்? கடைசியிலேன்னா சாப்பிடுவார். மிச்சம் என்ன இருக்கோ அது" என்றாள் அம்மா. பிறகு, தனக்கே நிச்சயமில்லாத குரலில், "சுட்ட அப்பளம் பிடிக்கும்னு நினைக்கிறேன்" என்றாள்.